ஸ்பானிஷ் டெஸ்ட் வருகிறதா? ஆங்கில விளக்கத்தை மூடிவிட்டுத் தமிழை வைத்துப் படியுங்கள்

அடுத்த வாரம் டெஸ்ட், புத்தகத்தைத் திறந்தால் எல்லாம் தெரிந்த மாதிரியும் இருக்கிறது, எதுவுமே தெரியாத மாதிரியும் இருக்கிறது என்றால் இது உங்களுக்குத்தான். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஸ்பானிஷ் எடுக்கும் நம் பிள்ளைகளுக்குப் பாடம் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் வருகிறது. அந்தப் புத்தகங்கள் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரை மனதில் வைத்து எழுதியவை. அவருக்கு எது கஷ்டமோ அதைப் பக்கம் பக்கமாக விளக்கும், ஆனால் அதில் பாதி நமக்குத் தேவையே இல்லை, ஏனென்றால் தமிழும் மலாயும் அதைச் சின்ன வயதிலேயே நமக்குக் கொடுத்துவிட்டன. தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு இது உண்மையிலேயே பெரிய பலம். எதைத் தமிழை வைத்துச் சீக்கிரம் முடிக்கலாம், எதில் உட்கார்ந்து உழைக்க வேண்டும் என்று பிரித்துக்கொண்டால் ஒரு வாரம் போதும்.

இங்கே ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். டெஸ்டில் எழுத்துப்பிழைக்கு மார்க் போகும், அதனால் நோட்டில் எழுதும்போது புத்தகத்தைப் பார்த்து ஸ்பானிய எழுத்திலேயே எழுதுங்கள், உயிரெழுத்தின் மேல் வரும் சாய்ந்த கோட்டையும் சேர்த்து.

முதலில் வினைச்சொல். பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறான், பேசுகிறோம், பேசுகிறார்கள் என்று சொல்லும்போது யார் பேசுவது என்பது விகுதியிலேயே வந்துவிடுகிறது, 'நான்', 'நாம்' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பானிஷும் இதேதான்: ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா, ஆப்லாமோஸ், ஆப்லான். தமிழையும் ஸ்பானிஷையும் ஜோடி ஜோடியாக வாய்விட்டுச் சொல்லுங்கள், பேசுகிறேன் ஆப்லோ, பேசுகிறோம் ஆப்லாமோஸ் என்று. அப்புறம் சாப்பிடுவதற்கு கோமோ, கோமெஸ், கோமே, கோமேமோஸ், கோமென். வசிப்பதற்கு பீபோ, பீபெஸ், பீபே, பிபீமோஸ், பீபென். ஆர், ஏர், ஈர் என்று முடியும் மூன்று வினைக் குடும்பமும் முடிந்தது. ஸ்பெயினில் 'நீங்கள் எல்லாரும்' என்பதற்கு ஆப்லாயிஸ் என்று இன்னொரு வடிவம் உண்டு, லத்தீன் அமெரிக்காவில் அதைப் பேச்சில் பொதுவாகப் பயன்படுத்துவதில்லை. டெஸ்டில் வருமா என்று ஆசிரியரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். நீ, நீங்கள் என்ற வித்தியாசமும் நமக்குப் பழக்கம்தான்: தூ, உஸ்தெத். ஆனால் உஸ்தெத்துக்கு வரும் வினை 'அவர்' என்பதற்கு வரும் அதே வினை, உஸ்தெத் ஆப்லா. இந்த ஓர் இடத்தில் கவனமாக இருங்கள்.

ஆங்கிலத்தின் 'be' ஒன்றுக்கு ஸ்பானிஷில் சேர், எஸ்தார் என்று இரண்டு வினைகள், இரண்டையும் பார்த்துப் பயப்படாத மாணவர் இல்லை. தமிழில் ஒரு சோதனை செய்து பாருங்கள். 'நான் மாணவன்', 'இவர் என் அப்பா' என்னும்போது தமிழில் வினையே இல்லை, அங்கே சேர்: சோய் எஸ்துதியாந்தே. 'வீட்டில் இருக்கிறேன்', 'களைப்பாக இருக்கிறேன்' என்னும்போது 'இரு' வருகிறது, அங்கே எஸ்தார்: எஸ்தோய் என் காசா, எஸ்தோய் கான்சாதோ, பெண் சொன்னால் கான்சாதா. இந்தச் சோதனை தவறும் முக்கியமான இடம் குணமும் தோற்றமும். 'அவள் உயரமாக இருக்கிறாள்' என்று நாம் சொல்வோம், ஸ்பானிஷில் அது சேர், எஸ் ஆல்தா. அதனால் 'இரு' வந்தால் உடனே எஸ்தாருக்கு ஓடாமல், இது அவளுடைய இயல்பா, இப்போதைய நிலைமையா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

கூடவே 'ஆய்' என்ற சொல்லையும் படித்துவிடுங்கள். ஒரு புத்தகம் இருக்கிறது என்றால் ஆய் உன் லீப்ரோ, அந்தப் புத்தகம் மேசையில் இருக்கிறது என்றால் எல் லீப்ரோ எஸ்தா என் லா மேசா. பினாங்குத் தீவுக்கு இரண்டு பாலங்கள் இருக்கின்றனவே, அதற்கும் ஆய்தான்: என் பினாங் ஆய் தோஸ் புவெந்தெஸ்.

குஸ்தார் ஆங்கிலப் புத்தகத்தில் தனி அத்தியாயமாகவே வரும். நமக்கு அது 'எனக்குப் பிடிக்கும்'. மே குஸ்தா எல் காஃபே, எனக்குக் காப்பி பிடிக்கும், அமைப்பு அப்படியே நம்முடையது. தலை வலிக்கிறதா? மே துவேலே லா காபேசா, எனக்குத் தலை வலிக்கிறது. ஒரே ஒரு வேறுபாடு, பிடித்த பொருள் பலவாக இருந்தால் வினையும் பன்மையாகும், மே குஸ்தான் லோஸ் மாங்கோஸ். தமிழில் 'பிடிக்கும்' மாறாது என்பதால் நாம் தவறுவது இங்கேதான். ஆனால் பசியும் வயதும் வேறு வழியில் போகும், இரண்டுக்கும் தெங்கோ: தெங்கோ ஆம்ப்ரே, தெங்கோ பெயிந்தே ஆன்யோஸ். வயதுக்கு சோய் என்று எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்று, பெரும்பாலும் அவசரமாகச் சொல்லிவிட்டுத் தாண்டிவிடும் விஷயம். 'படம் பார்க்கிறேன்' என்று ஐ இல்லாமல் சொல்கிறோம், 'அம்மாவைப் பார்க்கிறேன்' என்னும்போது ஐ கட்டாயம். ஸ்பானிஷிலும் ஆளுக்கு முன்னால் ஒரு 'ஆ' வரும்: பேயோ உனா பெலீகுலா, பேயோ ஆ மி மாத்ரே.

பெயரடையில் தமிழை விட்டுவிட்டு மலாய்க்கு மாறுங்கள். ரூமா பெசார், கெரெத்தா மேரா என்று பெயருக்குப் பின்னால்தானே நிறமும் அளவும் வருகிறது? காசா கிராந்தே, கோச்சே ரோஹோ.

சரி, இப்போது உழைக்க வேண்டிய இடம். பொருளுக்கு ஆண்பால் பெண்பால். மேசையும் புத்தகமும் நமக்கு அஃறிணை, மலாயில் பால் என்ற பேச்சே இல்லை, ஆங்கிலமும் உதவாது. இதற்குக் குறுக்குவழி கிடையாது, மிச்சம் பிடித்த நேரத்தை எல்லாம் இங்கே போடுங்கள். எந்தப் பெயர்ச்சொல்லையும் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள், எல் லீப்ரோ, லா மேசா என்று சேர்த்தே எழுதி, சேர்த்தே சொல்லுங்கள். ஓ-வில் முடிந்தால் பெரும்பாலும் ஆண்பால், ஆ-வில் முடிந்தால் பெரும்பாலும் பெண்பால். சியோன், தாத் என்று முடிந்தால் பெண்பால்: லா கான்சியோன், லா சியுதாத். விதிவிலக்குகளை ஒரு தாளில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். எல் தீயா, எல் மாப்பா, எல் ப்ரொப்லேமா, எல் இதியோமா, இந்தப் பக்கம் லா மானோ, லா ஃபோத்தோ, லா மோத்தோ. டெஸ்டில் கேட்பது பெரும்பாலும் இவற்றைத்தான். லிஸ்டாக மட்டும் படிக்காமல் ஒவ்வொன்றோடும் ஒரு பெயரடையைச் சேர்த்து, ஒருமையிலும் பன்மையிலும் எழுதிப் பாருங்கள்: லா மானோ பெகேன்யா, லாஸ் மானோஸ் பெகேன்யாஸ். பால் மனதில் பதிவதும் பெயரடை அதோடு ஒத்துப்போவதும் ஒரே பயிற்சியில் நடந்துவிடும்.

அடுத்தது ஒழுங்கில்லாத வினைகள். சேர், எஸ்தார், தெனேர் (வைத்திருப்பது), ஈர் (போவது), ஆசேர் (செய்வது) ஐந்தையும் தினமும் பார்க்காமல் எழுதுங்கள். கியேரோ (எனக்கு வேண்டும்), புவேதோ (என்னால் முடியும்) போல நடுவில் மாறும் வினைகள் 'நாம்' வடிவத்தில் மாறாது, கேரேமோஸ், போதேமோஸ். ஆசிரியர்கள் விரும்பிக் கேட்கும் இடம் இது.

எண்களுக்கு ஆண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் இரண்டிரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள், ஸ்பானிஷில் நம்மைப் போல முழுதாகச் சொல்ல வேண்டும், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து என்று ஆரம்பிக்கிற மாதிரி மீல் நோபெசியேந்தோஸ். போர்ச்சுகீசியர் மலாக்காவைப் பிடித்த 1511, மெர்டேக்கா வந்த 1957, முதல் பினாங்குப் பாலம் திறந்த 1985, இரண்டாவது பாலம் திறந்த 2014, நான்கையும் சொல்லிப் பாருங்கள், 500-ம் 900-மும் ஒழுங்கு மாறி வருவது இதிலேயே பழகிவிடும். காதுக்கு அதிகம் குழப்பம் தருவது 60-ம் 70-ம், செசேந்தா, செதேந்தா. மணி சொல்லும்போது எட்டே முக்கால் என்பதை 'ஒன்பதுக்குக் கால் குறைவு' என்று திருப்பவும் பழகுங்கள், லாஸ் நுவேபே மேனோஸ் குவார்த்தோ.

சொற்களுக்கு ஏற்கெனவே கையில் இருப்பதை எடுங்கள். போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொற்கள் மலாயிலும் தமிழிலும் நிறைய, ஸ்பானிஷ் அந்த மொழிக்கு மிக நெருக்கம். மேஜா, மேசை: லா மேசா. அல்மாரி, அலமாரி: எல் ஆர்மாரியோ. பெண்டேரா: லா பாந்தேரா. துவாலா: லா தோஆயா. கேஜு: எல் கேசோ. சாவி: லா யாபே. மிச்சத்தை எல்.ஆர்.டி.-யில் படிக்கலாம். யுனிவர்சிட்டி ஸ்டேஷனில் ஏறி கே.எல். சென்ட்ரல் போகிறவர் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் 'எஸ்தோய் என் கெரிஞ்சி, போய் ஆ கே.எல். சென்ட்ரல்' என்று மனசுக்குள் சொல்லி, மணியையும் கண்ணில் பட்ட ஆட்களின் சட்டை நிறத்தையும் சேர்த்துக்கொண்டால் அந்தப் பயணமே ஒரு ரிவிஷன்.

எழுதும் பகுதிக்கு உங்களைப் பற்றிப் பத்து வாக்கியம் தயாராக வையுங்கள்: பெயர், ஊர், வயது, குடும்பம், பிடித்தது, பிடிக்காதது, தினமும் செய்வது. ஆப்லோ தமில், மலாயோ, இங்லேஸ் இ உன் போக்கோ தே எஸ்பான்யோல் என்று ஒன்றைக் கட்டாயம் சேருங்கள், நாம் தயங்காமல் எழுதக்கூடிய வாக்கியம் அது. மொழிப் பெயர், கிழமை, மாதம் எதற்கும் ஸ்பானிஷில் முதல் எழுத்து பெரியதாக வராது, ஆங்கிலப் பழக்கத்தில் பெரிதாக எழுதிவிடாதீர்கள். கேள்வி என்றால் தொடக்கத்திலும் தலைகீழ்க் கேள்விக்குறி வேண்டும், கே, தோந்தே, குவாந்தோ போன்ற கேள்விச் சொற்களுக்கு மேலே கோடு வேண்டும்.

முந்தின நாள் இரவு புதுப் பாடம் எடுக்காதீர்கள். ஒட்டி வைத்த தாளையும் அந்த ஐந்து வினைகளையும் ஒரு தடவை எழுதிவிட்டுத் தூங்குங்கள். டெஸ்டில் எழுதி முடித்து நேரம் மிஞ்சினால் முழுதும் மேலோட்டமாகப் படிக்காமல், ஒரு சுற்றில் எல், லா-வும் பெயரடையும் ஒத்துப்போகிறதா, அடுத்த சுற்றில் வினை விகுதி சரியா, அதற்கடுத்து குஸ்தாவா குஸ்தானா, கடைசியில் கோடுகள் என்று தனித்தனியாகப் பாருங்கள்.