மனநலக் குளிசையும் இரவுக் கால் உளைவும்

ஒலான்சபின், குவெட்டியபின், ரிஸ்பெரிடோன், குளோசபின் போன்ற மனநலக் குளிசைகளை எடுக்கும் சிலருக்கு இரவு படுத்ததும் கால் உளையத் தொடங்கும். தசைக்குள் ஏதோ ஊர்வதுபோல இருக்கும், அசைக்காமல் இருக்க முடியாது. எழுந்து நடந்தால் அடங்கும், படுத்தால் திரும்ப வரும். இம்மருந்துகள் மூளையில் டோபமின் என்ற இரசாயனத்தின் வேலையைத் தடுப்பதால் இது தூண்டப்படலாம்.

அதற்காகக் குளிசையை நீங்களாக நிறுத்தவே வேண்டாம். குளோசபின் 48 மணித்தியாலத்துக்கு மேல் விடுபட்டால் பழைய அளவை எடுக்கக் கூடாது, வைத்தியர் 12.5 மி.கி.இலிருந்து மீண்டும் ஏற்ற வேண்டியிருக்கும்.

ஒரு கிழமைக்குக் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்கு வந்தது, நடந்தால் குறைந்ததா, கடைசியாக மருந்தளவு மாறியது எப்போது. மாலையும் இரவும் மட்டும் காலில் வந்தால் அது கால் உளைவு. பகலிலும் இருக்கவிடாமல், நின்றால் கால் மாற்றி மாற்றி வைத்து, உள்ளுக்குள் தவிப்பாக இருந்தால் அது அகதீசியா என்ற மருந்துப் பக்கவிளைவாக இருக்கலாம். மருந்து தொடங்கி அல்லது கூட்டிச் சில நாட்களிலோ கிழமைகளிலோ பெரும்பாலும் வரும். வீட்டார் இதை "வருத்தம் கூடிட்டுது" என்று கிளினிக்கில் சொல்ல, மருந்து இன்னும் கூட்டப்பட்டு, தவிப்பும் கூடிவிடும். ஆகவே "குளிசை கூட்டின பிறகுதான் இருக்க முடியேல்லை" என்று திகதியோடு சொல்லுங்கள். அளவைக் குறைப்பது, மருந்தை மாற்றுவது, புரொப்ரானலோல் கொடுப்பது எல்லாம் வழிகள். ஆஸ்துமா இருந்தால் முதலே சொல்லிவிடுங்கள், புரொப்ரானலோல் ஆகாது. தவிப்பில் சாகவேணும்போல எண்ணம் வந்தால் கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் உடனே மனநல உதவி இலக்கமான 1926ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போங்கள்.

கால் உளைவுதான் என்றால் மற்றக் குளிசைகளையும் பாருங்கள். தடிமனுக்கு பாமசியில் வாங்கும் குளோர்பெனிரமின், வாந்திக்குத் தரும் மெற்றோகுளோபிரமைட், மனச்சோர்வுக்கான மிர்ட்டசபின் எல்லாம் இதைக் கூட்டக்கூடியவை.

உடம்பில் இரும்பு குறைந்தாலும் கால் உளைவு வரும். ஆகவே அடுத்தது, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற இரத்தச் சோதனை. காலையில், முதல் நாள் இரும்புக் குளிசை எடுக்காமல் சோதியுங்கள். காய்ச்சல் நேரத்தில் வேண்டாம், அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். ரிப்போட்டில் 30 என்றிருந்தால் ஆய்வுகூடம் 'சாதாரணம்' என்றே போடக்கூடும். கால் உளைவுக்கு 75 அல்லது அதற்குக் கீழ் என்றாலே இரும்பு கொடுப்பதைப் பற்றி வைத்தியர்கள் யோசிப்பார்கள். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ளவர்களுக்கு இரும்பு தீங்காகலாம் என்பதால் சோதிக்காமல் தொடங்க வேண்டாம். குளிசையை வெறும் வயிற்றில், தேசிக்காய்த் தண்ணீரோடு எடுக்கலாம். நம்மில் பலர் தவறுவது தேநீரில்: காலைப் பிளேன்ரீயோடு விழுங்கினால் இரும்பு சரியாக உடம்பில் சேராது. பால் தேநீரும் அப்படித்தான். இரண்டு மணித்தியால இடைவெளி விடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மூன்று மாதத்தில் மீண்டும் சோதியுங்கள்.

இரவில் கெண்டைக்காலைத் தேய்ப்பதும் சுடுதண்ணீரில் கால் வைப்பதும் கொஞ்சம் உதவும்.

கொழும்பில் பலர் மனநலக் கிளினிக் அங்கொடையில், காலுக்கு வேறொரு நரம்பு வைத்தியரிடம் சனல் (தனியார் ஆலோசனை) என்று பிரித்துப் போகிறார்கள். இரண்டாமவரிடம் கிளினிக் கொப்பியைக் கட்டாயம் காட்டுங்கள். கால் உளைவுக்குக் கொடுக்கும் பிரமிபெக்சோல், ரொபினிரோல் இரண்டும் டோபமினைப்போல வேலை செய்பவை. அடங்கியிருந்த குரல்களையும் சந்தேகங்களையும் திரும்பக் கிளப்பிவிடலாம். கால் உளைவுக்கே கொடுக்கும் கபபென்டினும் பிரிகபலினும் டோபமின் வழியில் போவதில்லை, ஆனால் சிறுநீரகம் பலவீனமானால் அளவைக் குறைக்க வேண்டும்.