மாடு விஷம் தின்றால்: ஈறு என்ன நிறம், கண்மணி என்ன அளவு?

மேய்ந்துகொண்டிருந்த மாடு நுரை தள்ளிச் சாய்ந்தால் கீழுதட்டைப் புரட்டி ஈறின் நிறத்தைப் பாருங்கள். அடுத்துக் கண்மணியைப் பாருங்கள். டாக்டருக்குப் போன் செய்யும்போது இந்த இரண்டையும் சொன்னால், எந்த மருந்தை எடுத்துக்கொண்டு கிளம்புவது என்று அவர் அங்கேயே முடிவு செய்துவிடுவார். விஷத்துக்கு விஷம் மருந்து வேறு. மாற்றிப் போட்டால் மருந்தே மாட்டைக் கொன்றுவிடும்.

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகக் கொழிஞ்சாம்பாறை வரைக்கும் சோளத்தட்டும் கப்பையும்தான் மாட்டுக்குப் பெரிய எமன். கப்பை என்றாலும் மரவள்ளி என்றாலும் குச்சிக்கிழங்கு என்றாலும் இலையிலும் தோலிலும் இருப்பது ஒன்றே, சயனைடு. இளஞ்சோளத்திலும் இது உண்டு. 45 நாள் ஆகாத பயிர், மழையில்லாமல் வாடிய பயிர், அறுத்த தாளிலிருந்து மறுபடி துளிர்த்த குருத்து மூன்றும் ஆபத்தானவை. அதிலும் வாடிக் கிடந்து, ஒரு மழை பெய்ததும் தளதளவென்று வரும் குருத்தை மாடு ஆசையாகக் கடிக்கும். கதிர் வாங்கிய தட்டும் நன்றாகக் காய்ந்த தட்டும் அந்த அளவு ஆபத்தில்லை. கப்பை இலையை நறுக்கி, பரப்பி, 2 அல்லது 3 நாள் காயவிட்டுப் போடலாம். காலையில் வெறும் வயிற்றோடு அவிழ்த்துவிடாமல் முதலில் வைக்கோல் போடுங்கள்.

சயனைடு தின்ற மாட்டுக்குப் பெரும்பாலும் கால் மணி நேரத்திலேயே மூச்சு இரைக்கும். தள்ளாடி விழும், கால் வெட்டும். ஈறு பளிச்சென்று சிவந்திருக்கும். இரத்தத்தில் பிராணவாயு நிறைய இருந்தும் உடம்பு அதை எடுத்துக்கொள்ள முடியாததால் வருகிற சிவப்பு அது. டாக்டர் 3 கிராம் சோடியம் நைட்ரைட்டையும் 15 கிராம் சோடியம் தயோசல்பேட்டையும் 200 மில்லி நீரில் கரைத்து, நரம்பில் மெதுவாக ஏற்றுவார். ஆட்டுக்கு 1 கிராமும் 2.5 கிராமும் 50 மில்லி நீரில். வயிற்றில் மிச்சமிருக்கும் விஷத்துக்கு 30 கிராம் தயோசல்பேட்டை நீரில் கரைத்து வாய்வழியாக மணிக்கொரு முறை கொடுப்பதும் உண்டு. 'ஹைப்போ' என்று கேட்டால் கிடைப்பது இந்த உப்புதான். பழைய போட்டோ ஸ்டுடியோக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஊசியை மருத்துவர்தான் போட வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், யூரியா அதிகம் போட்ட தீவனப்பயிரைத் தின்று நைட்ரேட் விஷம் ஏறிய மாடும் இதேபோல் இரைத்து விழும். ஒரு சொட்டு இரத்தத்தை வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். குங்குமச் சிவப்பு என்றால் சயனைடு. காப்பிக்கொட்டைப் பழுப்பு என்றால் நைட்ரேட். அதற்கு மருந்து மெத்திலீன் புளூ. அந்தப் பழுப்பு மாட்டுக்குச் சோடியம் நைட்ரைட் ஏற்றினால் கதை முடிந்தது.

யூரியாவையே தின்றுவிட்டாலோ, யூரியா கரைத்த தொட்டித் தண்ணீரைக் குடித்துவிட்டாலோ, அரை மணி நேரத்தில் வயிறு உப்பி உடம்பு நடுங்கும். 20 முதல் 40 லிட்டர் குளிர்ந்த நீரும், 5 சதவீத வினிகர் 2 முதல் 6 லிட்டரும் வயிற்றுக்குள் போக வேண்டும். டாக்டர் குழாய் விட்டுத்தான் ஊற்றுவார். மூங்கில் குழாயில் ஊற்றினால் பாதி நுரையீரலுக்குப் போய்விடும்.

பூச்சிமருந்து வேறு மாதிரி. வாயில் எச்சில் கயிறாகத் தொங்கும், கண்ணில் நீர் வடியும், கழிச்சல் போகும், தசை துடிக்கும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். குளோர்பைரிபாஸ் அடித்த வரப்புப் புல், குருணை மருந்து கலக்கிய வாளி, உண்ணிக்கு அடித்த மருந்தை மாடு நக்கியது, இப்படி ஏதாவது ஒன்று பின்னால் இருக்கும். உடம்பில் பட்டிருந்தால் கையுறை போட்டுக்கொண்டு சோப்பு நீரால் கழுவுங்கள். எண்ணெய் ஊற்றாதீர்கள், பூச்சிமருந்தில் பல எண்ணெயில் கரைந்து இன்னும் சீக்கிரம் உடம்பில் ஏறும். மருந்துக்கரி (ஆக்டிவேட்டட் சார்கோல்) உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் வீதம், 300 கிலோ மாட்டுக்கு 300 கிராம், நீரில் கூழாக்கிக் கொடுப்பார்கள். அடுப்புக்கரி அதற்கு ஈடாகாது.

இதற்கு முறிமருந்து அட்ரோபின். கிலோவுக்கு 0.25 மில்லிகிராம் என்று வைத்தாலே அந்த மாட்டுக்கு 75 மில்லிகிராம் வேண்டும். கடையில் கிடைக்கும் சின்ன ஆம்பூலில் இருப்பது 0.6 மில்லிகிராம். கணக்குப் போட்டால் 125 ஆம்பூல்! ஊரில் இருக்கும் மருந்துக்கடையில் இருபது கூட இருக்காது. அதனால் போனிலேயே "பூச்சிமருந்து, அட்ரோபின் நிறைய வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். பெரிய குப்பி கொண்டுவருவார். கால் பங்கை நரம்பிலும் மீதியைத் தோலுக்கடியிலும் போட்டு, எச்சில் வற்றும்வரை கவனிப்பார். அளவு மீறினால் அசை நின்று வயிறு உப்பும். கூடவே போடும் இன்னொரு முறிமருந்தான 2-பாம் ஊசி முதல் நாளில் நன்றாக வேலை செய்யும். நாள் போகப் போகப் பலன் குறையும். பிழைத்த மாட்டின் பாலை டாக்டர் சொல்லும்வரை கறந்து கொட்டுங்கள், கன்றுக்கும் வேண்டாம்.

உண்ணிச்செடி தின்ற மாட்டுக்கு மஞ்சள் காமாலை வந்து, வெயிலில் தோல் வெந்து உரியும். நிழலில் கட்டிவிட்டு ஆள் அனுப்புங்கள். வெட்டிய அரளிக் கொப்பை வேலியோரம் போடாதீர்கள், காய்ந்தாலும் விஷம் போகாது.

நாய்க்கு எலிமருந்துதான் பெரும்பாலும் வினை. பாக்கெட்டைக் கட்டாயம் கையோடு எடுத்துப் போங்கள். சிங்க் பாஸ்பைடு என்றால் வாயில் பூண்டு வாடை அடிக்கும். பால், சோறு எதுவும் கொடுக்காதீர்கள். தீனி போனால் வயிற்று அமிலம் சுரந்து விஷவாயு கூடும். வாந்தியிலிருந்தும் அது வரும், ஜன்னலைத் திறந்துவையுங்கள். புரோமடியோலோன் என்றால் மூன்று நாலு நாள் ஒன்றும் தெரியாது, பிறகு மூக்கிலும் மூத்திரத்திலும் இரத்தம் வரும். மருந்து வைட்டமின் கே1, 3 முதல் 4 வாரம் தினமும், கே3 பயன்படாது. உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்பே நாயைக் கொல்லும். காய்ச்சலென்று பூனைக்குப் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே அதன் உயிரைக் குடித்துவிடும்.

தமிழகத்திலும் சரி, கேரளத்திலும் சரி, நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கு 1962. செத்துப்போனால் உடனே புதைத்துவிடாதீர்கள். காப்பீடு இருந்தால் காதுவில்லை தெரிய ஒரு படம் எடுத்து, பிரேதப் பரிசோதனைக்குச் சொல்லுங்கள். இரைப்பைத் தீனியும் ஈரலும் தனித்தனிக் கண்ணாடிச் சாடியில், நிறைவுப்பு நீரில் (இனி உப்பு கரையாது என்னும் அளவுக்கு உப்பு கரைத்த நீர்) ஆய்வகத்துக்குப் போக வேண்டும். பார்மலினில் போட்டால் விஷத்தைக் கண்டுபிடிக்க முடியாது.