வடசென்னையில் வாடகை வீடு தேடுகிறீர்களா?

தரகரிடம் போனால் ஒரு மாத வாடகை கமிஷனாகப் போய்விடும். அதற்கு முன் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைத் தெருக்களில் ஒரு ஞாயிறு காலை நடந்து பாருங்கள். எந்த வீடு காலியாகப் போகிறது என்பது, பலகை தொங்குவதற்கு முன்பே இஸ்திரி வண்டிக்காரருக்குத் தெரிந்திருக்கும்.

உள்ளே போனதும் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். முழங்கால் உயரத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட் பட்டையாகத் தெரிந்தால், மழைத் தண்ணீர் வந்து போன வீடாக இருக்கலாம். (நான் கவனிக்காமல் குடியேறி, ஒரு நவம்பரில் கட்டில்மேல் அடுப்பை வைத்துச் சமைத்தேன்.) தனி மீட்டர் இருக்கிறதா என்றும் கேளுங்கள், இல்லையென்றால் 100 யூனிட் இலவச மின்சாரம் உங்களுக்கு எட்டாது.

பத்து மாத அட்வான்ஸ் கேட்பார்கள். வேறு ஒப்பந்தம் இல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம். சண்டைக்குப் போகாமல், சிரித்துக்கொண்டே இதைச் சொல்லுங்கள். ஐந்துக்காவது இறங்கி வருவார்கள்.