ரிசர்ச் இயர் எடுக்கலாமா, வேண்டாமா: காலண்டர் போட்டு முடிவெடுக்கும் முறை

எம்பிபிஎஸ் கடைசியில் வரும் மருத்துவமனைப் பயிற்சியான ஹவுஸ் சர்ஜன்சி முடியப்போகிற நேரத்தில் வேலூர், சித்தூர், குப்பம், திருப்பதி பக்கத்து மாணவர்கள் பலரும் கேட்பது: "ஒரு வருஷம் ரிசர்ச் பண்ணிட்டு அப்புறம் பிஜிக்குப் போகலாமா?" ஆர்வத்தை மட்டும் நம்பி இதில் இறங்கினால் வருஷம் கையை விட்டுப் போகும். ஒரு தாள், பேனா, காலண்டர் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். முக்கால்வாசி விடை ஒரே மாலையில் கிடைத்துவிடும். மீதிக்கு ஆறு வாரம் வேண்டும்.

1. எந்த வாசலுக்குப் போகிறீர்கள்?

தாளின் தலைப்பில் ஒரே வரி எழுதுங்கள்: அந்த வருஷம் முடிந்த மறுநாள் எதற்கு விண்ணப்பிப்பேன்?

முதுநிலை மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பிஜி என்று எழுதினால் பதில் எளிது. அது 200 கேள்வி, 800 மதிப்பெண், ஒரு ரேங்க். பத்து ஆய்வுப் பேப்பர் போட்டவருக்கும் அரை மதிப்பெண்கூட அதிகம் கிடைக்காது. எய்ம்ஸ், ஜிப்மருக்கான நுழைவுத் தேர்வான ஐஎன்ஐ சிஇடியும் அப்படித்தான். நீட் பிஜி மதிப்பெண் அந்த வருஷச் சேர்க்கைக்கு மட்டும்தான் செல்லும். இப்போதே எழுதி வைத்துக்கொண்டு அடுத்த வருஷம் சேர முடியாது. 19 பாடங்களையும் மறுபடி புரட்ட வேண்டும். அதனால் நீட் பிஜி மட்டுமே குறி என்றால் ரிசர்ச் இயர் வேண்டாம் என்றே சொல்வோம். பிஜியில் தீசிஸ், அதாவது ஆய்வேடு, எப்படியும் வரும். ஆசை இருந்தால் அங்கே நன்றாகச் செய்யலாம்.

அமெரிக்கா என்று எழுதினால் கணக்கு மாறும். 'ரிசர்ச் இயர்' என்ற பேச்சே அங்கிருந்து வந்ததுதான். அங்கே நான்கு வருட மருத்துவப் படிப்பில், பெரும்பாலும் மூன்றாம் ஆண்டுக்கும் நான்காம் ஆண்டுக்கும் நடுவே இதை எடுக்கிறார்கள். பெதஸ்தாவில் அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஎச் நடத்தும் மெடிக்கல் ரிசர்ச் ஸ்காலர்ஸ் ப்ரோகிராம் போன்ற திட்டங்கள் அவர்களுக்கானவை. அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யுஎஸ்எம்எல்இயின் முதல் கட்டம் (ஸ்டெப் 1) 2022 ஜனவரியில் பாஸ், ஃபெயில் என்று மட்டும் ஆனபின், அடுத்த கட்டமான ஸ்டெப் 2 சிகே மதிப்பெண்ணுக்கும் பேப்பர்களுக்கும் கவனம் கூடியிருக்கிறது. இங்கிருந்து போகிறவர்கள் ஹவுஸ் சர்ஜன்சிக்குப் பிறகு, பெரும்பாலும் ஜே-1 விசாவில், அங்கே ஒரு துறையில் ரிசர்ச் ஃபெல்லோவாகச் சேர்கிறார்கள். பல இடங்களில் சம்பளம் கிடையாது. நரம்பு அறுவை, தோல் மருத்துவம் போலப் போட்டி கடுமையான துறை என்றால் அந்த வருஷம் உதவும். இன்டர்னல் மெடிசின் என்றால் ஸ்டெப் 2 படிப்பையும், அங்கே நேரில் வார்டில் நின்று வாங்கும் பரிந்துரைக் கடிதங்களையும் முதலில் பாருங்கள்.

பிஎச்டியோ, பொதுச் சுகாதாரமோ என்றால் தயங்காமல் எடுக்கலாம். சென்னை தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் எம்பிஎச் (பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பு), திருவனந்தபுரம் அச்சுத மேனன் மையத்தின் எம்பிஎச் போன்றவற்றுக்கு முன் ஓராண்டு களவேலை நல்ல வெள்ளோட்டம்.

"எங்கேயும் விண்ணப்பிக்கிற மனநிலையில் இல்லை, களைத்துப் போயிருக்கிறேன்" என்று எழுத வந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை. அப்போது தேவைப்படுவது இரண்டு மாத ஓய்வு. ஓய்வுக்கு ரிசர்ச் என்று பெயர் வைத்தால் ஓய்வும் கிடைக்காது, பேப்பரும் வராது.

2. படிப்பின் நடுவிலேயே நிறுத்தலாமா?

வேண்டாம். நம் எம்பிபிஎஸ்ஸில் ரிசர்ச் இயர் என்று ஓர் ஏற்பாடு கிடையாது. சேர்ந்த தேதியிலிருந்து 9 வருடத்துக்குள் படிப்பை முடிக்க வேண்டும் என்ற வரம்பு உண்டு. இடையில் நின்றால் ஜூனியர் பேட்சோடு சேர்ந்து வருகைப் பதிவு, தேர்வு எல்லாம் இழுபறியாகும். அந்த வயதில் ஆசை வந்தால் 1979 முதல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) மாணவர்களுக்காக நடத்திவரும் எஸ்டிஎஸ் என்ற குறுகியகால ஆய்வுத் திட்டம் இருக்கிறது. இரண்டே மாதம், ஒரு சின்ன ஆய்வு, ஒரு அறிக்கை. இறுதியாண்டுக்கு முன்பே முயலுங்கள்.

3. கைடைத் தேடுவது

தலைப்பைவிடக் கைடு, அதாவது ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர், முக்கியம். நல்ல கைடிடம் சுமாரான தலைப்பும் பேப்பராகும். நேரமில்லாதவரிடம் நல்ல தலைப்பும் பீரோவில் தூங்கும். மருத்துவ பேப்பர்களைத் தேடும் இணையதளமான பப்மெடில் கைடின் பெயரைப் போட்டு கடைசி ஐந்து வருட பேப்பர்களைப் பாருங்கள். எண்ணிக்கையைவிட, ஆசிரியர் பட்டியலில் முதல் பெயர் யாருடையது என்று பாருங்கள். மாணவர்கள் முதல் பெயராக வந்திருந்தால் நல்ல அறிகுறி. பிறகு அவரிடம் முன்பு வேலை செய்த இரண்டு சீனியர்களைக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: "ட்ராஃப்ட் குடுத்தா எத்தனை நாள்ல திருத்தித் தருவாங்க?", "சொன்ன இடத்துலயே பேர் வந்துச்சா?"

பெயர் வரிசையை முதல் மாதமே பேசி, ஒரு மெயிலில் எழுதிக்கொள்ளுங்கள். "சார், பேசினபடி இந்த ஆய்வில் நான் முதல் ஆசிரியர் என்று புரிந்துகொண்டேன், சரிதானே?" என்று பணிவாக ஒரு வரி போதும். ஆசிரியர் என்று பெயர் போட நான்கு நிபந்தனைகளை மருத்துவ ஜர்னல் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவான ஐசிஎம்ஜேஇ வைத்திருக்கிறது: ஆய்வில் உருப்படியான பங்கு, எழுதியது அல்லது திருத்தியது, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுப் பொறுப்பு. நான்கும் வேண்டும். டேட்டா மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கினால் நன்றியுரையில்தான் பெயர் வரும். எழுதும் வேலையையும் கேட்டு வாங்குங்கள்.

4. காலண்டர்: முடிவு இங்கேதான் தெரியும்

12 மாதம் என்பது பேச்சுக்குத்தான். ஏப்ரலில் தொடங்குவதாக வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். ஏப்ரல், மே: கேள்வி, பழைய ஆய்வுகளைப் படிப்பது, புரோட்டோகால் (ஆய்வுத் திட்டம்), புரோஃபார்மா (தகவல் நிரப்பும் படிவம்). ஜூனில், ஆய்வுக்கு அனுமதி தரும் எதிக்ஸ் கமிட்டிக்கு மனு. பல கல்லூரிகளில் கமிட்டி இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். முதல் கூட்டத்தில் சந்தேகம் கேட்டுத் திருப்பி அனுப்புவது வழக்கம். கையில் அனுமதி வர ஆகஸ்ட் கடைசி. செப்டம்பர் முதல் ஜனவரி வரை டேட்டா. பிப்ரவரியில் கணக்கு, மார்ச்சில் எழுத்து. வருஷக் கடைசியில் உங்களிடம் இருக்கப்போவது ஒரு ஜர்னலுக்கு அனுப்பிய பேப்பர். அச்சாக இன்னும் மாதங்கள் ஆகும்.

2024, 2025 இரண்டு வருடமும் நீட் பிஜி ஆகஸ்டில் நடந்தது. கமிட்டியின் கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டிய அதே வாரங்கள். "படிச்சுக்கிட்டே ரிசர்ச்சும் பண்றேன்" என்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்.

இப்போது அந்த ஐந்து மாதத்தில் எத்தனை நோயாளிகள் கிடைப்பார்கள் என்று பார்க்க வேண்டும். சிறு உண்ணிப் பூச்சிக் கடியால் வரும் நம் பக்கத்துக் காய்ச்சலான ஸ்க்ரப் டைஃபஸையே எடுத்துக்கொள்வோம். காய்ச்சலோடு அட்மிட் ஆகிறவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு அது என்பது கேள்வி. பழைய ஆய்வு ஒன்று 20 சதவீதம் என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் வேண்டும் என்பதற்குச் சூத்திரம்: 4 × p × q ÷ d². p என்பது அந்த 20, q என்பது நூறில் மீதி 80, d என்பது நீங்கள் பொறுத்துக்கொள்ளும் பிழை. 5 சதவீதப் பிழை என்றால் 4 × 20 × 80 ÷ 25 = 256 பேர். வார்டில் வாரம் 8 பேர் தகுதியாக வந்து, அதில் 6 பேர் சம்மதித்தால், 256 பேருக்கு 43 வாரம். உங்களிடம் இருப்பது 22 வாரம். ஆய்வு முடியாது!

பிழையை 7 ஆக்கினால் 131 பேர். 22 வாரத்தில் 132 பேர் வருவார்கள், இடிக்காமல் பொருந்துகிறதே என்று தோன்றும். ஆனால் பத்தில் ஒரு படிவம் பாதியில் நிற்கும். அதைச் சேர்த்தால் 146 வேண்டும். 8 ஆக்கினால் 100, படிவ நஷ்டத்தோடு 112, அதாவது 19 வாரம். மூன்று வாரம் கையிருப்பு. அப்போது உங்கள் விடை 12 முதல் 28 சதவீதத்துக்குள் எங்கோ என்று வரும். அவ்வளவு அகலமான விடையால் யாருக்காவது பயன் உண்டா என்று கைடோடு உட்கார்ந்து பேசுங்கள். இல்லையென்றால் இரண்டாவது வார்டைச் சேருங்கள், அல்லது கேள்வியை மாற்றுங்கள். இந்தக் கணக்கைப் போடாமல் வருஷம் எடுக்கவே கூடாது.

பருவத்தையும் பாருங்கள். இங்கே ஸ்க்ரப் டைஃபஸ் மழைக்குப் பின், குளிர் மாதங்களில் கூடும். அனுமதி டிசம்பர் கடைசியில் வந்தால் பாதிப் பருவம் போய்விட்டது. அதனால் ஜூனிலேயே இரண்டு புரோட்டோகால் கொடுங்கள்: ஒன்று வார்டு ஆய்வு, மற்றொன்று பழைய கேஸ் ஷீட்டுகளை வைத்துச் செய்வது. கேஸ் ஷீட் ஆய்வுக்கும் கமிட்டி அனுமதி வேண்டும். மருந்து கொடுத்துப் பார்க்கும் ஆய்வுக்கு சிடிஆர்ஐ என்ற தேசிய ஆய்வுப் பதிவேட்டில் பதிவும், காப்பீடும், ஆள்பலமும் வேண்டியிருக்கும். ஓராண்டுக்காரர்கள் அதைத் தொட வேண்டாம். குழந்தைகளின் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குக்கான ரோட்டாவாக் தடுப்பு மருந்தின் மூன்றாம் கட்ட ஆய்வு டெல்லி, புனே, வேலூர் என மூன்று இடங்களில் 6,799 கைக்குழந்தைகளை வைத்து நடந்தது. அந்த அளவு வேலைக்குப் பெரிய குழுவும் பல வருடமும் வேண்டும்.

5. எல்லைப் பக்கத்துக்கே உரிய சிக்கல்: மொழி

காட்பாடி தாண்டினால் தெலுங்கு. வாணியம்பாடி, பேரணாம்பட்டிலிருந்து வருபவர்களில் உருது பேசுவோர் உண்டு. சம்மதப் படிவம் தமிழில் மட்டும் இருந்தால் சித்தூர், பலமநேர் நோயாளிகளை விட்டுவிட வேண்டியிருக்கும். 6 பேர் 4 ஆகிவிடுவார்கள், மேலே போட்ட கணக்கு முழுதும் சரியும். தெலுங்குப் படிவத்தை முதல் மனுவோடே கொடுங்கள். ஒருவர் மொழிபெயர்க்க, அதைப் பார்க்காத இன்னொருவர் மறுபடி மூலமொழிக்குத் திருப்ப வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால் ஓட்டை தெரியும்.

ஓட்டை எப்படி விழுகிறது என்பதற்கு ஒரு சொல் போதும். நமக்குப் பரிசோதனை என்றால் டெஸ்ட். தெலுங்கில் 'பரிசோதன' என்றால் ஆராய்ச்சி; டெஸ்டுக்கு அவர்கள் சொல்வது 'பரீட்ச'. பாதித் தெலுங்கில் "சின்னப் பரிசோதன" என்று நீங்கள் சொன்னால், குப்பத்து அம்மா தன்னை வைத்து ஏதோ ஆராய்ச்சி என்று பயந்து எழுந்துவிடுவார். இதற்கு நேர்மாறானது இன்னும் மோசம். தமிழ் நோயாளியிடம் ஆராய்ச்சியைப் பரிசோதனை என்று சொன்னால், வைத்தியத்தில் ஒரு பகுதி என்று நினைத்துக் கையெழுத்துப் போடுவார். அது சம்மதமே ஆகாது. "இது உங்க வைத்தியத்துக்கு இல்லைங்கம்மா, ஆராய்ச்சிக்கு. வேண்டாம்னு சொன்னாலும் இதே வைத்தியம்தான் நடக்கும்" என்று இரண்டு மொழியிலும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் கையெழுத்திட வேண்டும்.

6. ஆறு வார வெள்ளோட்டம்

ஹவுஸ் சர்ஜன்சியின் கடைசி மாதங்களில், கைடு ஏற்கெனவே அனுமதி வாங்கி நடத்தும் ஆய்வில் முறைப்படி உங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாரம் இரண்டு மாலை, மெடிக்கல் ரெக்கார்ட்ஸில் உட்கார்ந்து 20 கேஸ் ஷீட் எடுத்து எழுதுங்கள். ஸ்க்ரப் டைஃபஸ் என்றால், எஸ்கார் (பூச்சி கடித்த இடத்துப் பொருக்கு) இருந்ததா என்ற கட்டத்தில் பல ஷீட்டுகள் வெற்றாக இருக்கும். சிகரெட்டால் சுட்டது போன்ற அந்தக் கறுத்த பொருக்கு அக்குளிலும், தொடை இடுக்கிலும், மார்புக்குக் கீழும் ஒளிந்திருக்கும். துணி விலக்கித் தேடினால்தான் தெரியும். எழுதவில்லை என்றால் இல்லை என்று பொருளா, தேடவில்லை என்று பொருளா? இருபதாவது ஷீட்டிலும் இந்தக் கேள்வி உங்களை உறுத்தினால் வருஷம் எடுங்கள். ஆறாவது ஷீட்டிலேயே 'இல்லை' என்று நிரப்பிவிட்டு நகரத் தோன்றினால் வேண்டாம்.

கூடவே தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இணையத்தில் நடத்தும் பிசிபிஆர் என்ற மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் பாடத்தை முடியுங்கள். பிஜியில் எப்படியும் அதைக் கேட்பார்கள்.

7. பணம், பாண்ட்

அறை வாடகை, சாப்பாடு, பஸ், அச்சு, சாம்பிள் கிட் எல்லாவற்றையும் 12ஆல் அல்ல, 15ஆல் பெருக்குங்கள். எழுத்து வேலை நீளும். ராத்திரி டியூட்டி பார்த்துச் சமாளிக்கலாம் என்றால் வாரம் இரண்டுக்கு மேல் வேண்டாம், காலை வார்டில் நோயாளிகளைத் தவறவிடுவீர்கள். படிப்பு முடிந்ததும் இத்தனை காலம் வேலை செய்வேன் என்று கல்லூரியில் சேவை பாண்ட் எழுதிக் கொடுத்திருந்தால் அதன் தேதிகளை முதலில் படியுங்கள். பணம் கொடுத்தால் இரண்டே நாளில் ஏற்றுக்கொள்கிறோம் என்று மெயில் அனுப்பும் ஜர்னலுக்கு ஒரு ரூபாயும் ஒதுக்க வேண்டாம்.

8. வெளியேறும் தேதி

தொடங்கும் முன்பே செப்டம்பர் 30ஐ வட்டமிடுங்கள். அன்றைக்குள் கமிட்டி அனுமதிக் கடிதம் வரவில்லை என்றால், அடுத்த கூட்டத்துக்காகக் காத்திருக்காமல் உங்கள் தேர்வுப் படிப்புக்குத் திரும்புங்கள். கைடிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். வெள்ளோட்டத்தில் நிரப்பிய படிவங்கள், எக்செல் கோப்பு, எந்தக் குறியீட்டுக்கு என்ன பொருள் என்ற ஒரு பக்க விளக்கம் மூன்றையும் ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கு மெயில் போடுங்கள். நோயாளிகளின் பெயர் உள்ள எதுவும் உங்கள் லேப்டாப்பிலோ வாட்ஸ்அப்பிலோ மிச்சமிருக்கக் கூடாது.