காப்பர் போட்ட மரைன் டேங்க்: செய்யக் கூடாதவை

வெள்ளைப் புள்ளி, வெல்வெட் என்கிற ஒட்டுண்ணி நோய்களுக்குக் காப்பர் மருந்து போட்டு மீனைத் தேற்றிய கடல்மீன் டேங்கை, அடுத்து பவளமும் இறாலும் வளர்க்கிற ரீஃப் டேங்காக மாற்றிவிடலாம் என்ற ஆசை புதிதாக வருகிற எல்லாருக்கும் இருக்கிறது. மீனுக்கு மருந்தாக இருந்தது இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் விஷம். தண்ணீரை மாற்று, வாளியைக் கழுவு என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அது தெரிந்ததுதான்.

காப்பர் டெஸ்ட் கிட் சைபர் காட்டியதும் கல்லை நம்புவது

எனக்கு இன்னும் எரிச்சலூட்டுவது இதுதான். சமீபத்தில் ஒரு தம்பி பழைய மரைன் டேங்க் ஒன்றை, உள்ளே இருந்த லைவ் ராக்கோடு (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடல்கல்) வாங்கினான். "லைவ் ராக் சும்மாவே குடுத்துட்டாரு அண்ணா" என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். காப்பர் போட்டதை விற்றவர் மறைக்கவில்லை. இவன் தண்ணீரை மாற்றி, கிட்டில் சைபர் பார்த்துவிட்டு, க்ளீனர் இறாலை விட்டிருக்கிறான். விடிந்து பார்த்தால் இறால் ஒருக்களித்துக் கிடந்து காலை மட்டும் உதறிக்கொண்டிருக்கிறது. டர்போ நத்தை கண்ணாடியை விட்டுக் கழன்று மல்லாந்து கிடக்கிறது. போட்டோவை அனுப்பி, "கிட்டு பழசா இருக்குமோ அண்ணா?" என்கிறான்.

கிட் தண்ணீரை மட்டும்தான் அளக்கும். லைவ் ராக்கும் கோரல் மணலும் கால்சியம் கார்பனேட். காப்பர் அதில் படிந்து, நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும். வைத்தியம் பார்க்கும்போதே "அளவு நிக்கவே மாட்டேங்குது" என்று மறுபடி மறுபடி மருந்தை ஊற்றுவார்களே, அதெல்லாம் எங்கே போயிற்று என்று நினைக்கிறீர்கள்? பிறகு பி.ஹெச். இறங்கும்போது கொஞ்சங்கொஞ்சமாகக் கரைந்து வெளியே வரும். விளக்கை அணைத்தபின் இரவில் பி.ஹெச். இறங்குவது வழக்கம். நாம் சோதிப்பதோ பகலில்.

இன்னொன்று. வைத்திய அளவு அயனிக் காப்பருக்கு 0.2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு) பக்கம், காப்பரை வேறொரு மூலக்கூறோடு பிணைத்த கீலேட் வகைக்கு 1.5 முதல் 2.5 வரை. அதைப் பார்ப்பதற்கென்று செய்த கிட், இறாலைச் சாய்க்கிற சொற்ப அளவைச் சைபர் என்றே காட்டிவிடும்.

கல்லை ஆசிடில் ஊறவைக்கலாமா என்று கேட்பார்கள். கல்லும் சேர்ந்து கரையும், ஆழத்தில் இருப்பது அப்படியே இருக்கும். மீன் மட்டும் வளர்ப்பவர் யாராவது கேட்டால், விவரத்தைச் சொல்லிவிட்டு அந்தக் கல்லைக் கொடுத்துவிடுங்கள். மணலைத் தூக்கிப் போடுங்கள்.

டேங்கையே தூக்கிப் போடுவது

தேவையில்லை. கண்ணாடி காப்பரை உறிஞ்சாது. நல்ல தண்ணீர் நிரப்பி, வெள்ளை வினிகரைத் தாராளமாக ஊற்றி, பம்ப், குழாய், ஸ்கிம்மர் (நுரையால் அழுக்கைப் பிரிக்கும் கருவி) எல்லாவற்றையும் ஒரு நாள் ஓடவிடுங்கள். மூலைகளில் பச்சைநீலமாகப் படிந்திருப்பது இளகிவிடும். தேய்த்து, கொட்டி, இரண்டு மூன்று முறை அலசினால் போதும்.

வினிகரோடு ப்ளீச்

கூடவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

ஃபில்டரில் இருந்த பழைய செராமிக் ரிங், ஸ்பான்ஜ்

குப்பைக்கு.

கார்பனை சம்ப் மூலையில் தொங்கவிடுவது

மிச்சக் காப்பரை உறிஞ்ச ஆக்டிவேட்டட் கார்பனைப் பையில் கட்டி சம்ப்பில் (டேங்குக்குக் கீழே உள்ள ஃபில்டர் தொட்டி) தொங்கவிட்டால், பையைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் போய்விடும். ரியாக்டர், கேனிஸ்டர் மாதிரி மூடிய ஃபில்டர் குடுவையில் அடைத்து, தண்ணீர் அதன் ஊடாகப் போகும்படி வையுங்கள். கார்பனைவிட, காப்பரை உறிஞ்சுவதற்கென்றே உள்ள குப்ரிசார்ப் ரெசின் மேல். நீலக்கருப்பாக மாறினால் அது நிறைந்துவிட்டது என்று அர்த்தம். பாலி ஃபில்டர் என்ற ஃபில்டர் பேடில் நீலம் ஏறினால் காப்பர் இன்னும் இருக்கிறது. புதிதாகப் போட்ட பேடிலும் நீலம் தட்டாதபோது, விலை குறைந்த நத்தை ஒன்றை விட்டுப் பாருங்கள். அது சில வாரம் கண்ணாடியில் ஒட்டி மேய்ந்துகொண்டிருந்தால் இறால் வாங்கப் போகலாம்.