தூசணம் வேற, துவேசம் வேற: பிரித்துப் பார்ப்பது எப்படி?

மிச்சக் காசு தராத மினிபஸ் கொண்டக்டரை ஒருவர் தூசணத்தால் ஏசுகிறார். பக்கத்து சீற்றில் இருப்பவர் குரலை உயர்த்தாமல், "உவங்கள் சோனியள் எல்லாம் உப்பிடித்தானே" என்கிறார். 'சோனி' முஸ்லிம்களை இழிவாகச் சொல்லும் சொல். காதைப் பொத்த வைப்பது முதலாவது. துவேசம், அதாவது இனவாதம், இரண்டாவது. முறைப்பாடு எழுதுபவரும் செய்தி திருத்துபவரும் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுவதுதான் வழமையான பிழை.

முதலில், அடி எங்கே விழுகிறது என்று பாருங்கள். 'கள்ளன்' என்ற ஏச்சு செய்த வேலைக்கு. காசைக் கொடுத்தால் அது முடிந்தது. 'உவங்கள் எல்லாம்' பிறப்புக்கு. ஆயிரம் ரூபாயைத் திருப்பிக் கொடுத்தாலும் அது போகாது. 1990 ஒக்டோபரில் முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றிய வடக்கில் அந்தச் சொல்லுக்கு எடையும் கூட.

பிறகு ஆளை மாற்றிப் பாருங்கள். அதே பிழையைத் தன் ஊர்ப் பெடியன் செய்திருந்தால் அதே வசனம் வருமா? வந்தால் அது ஏச்சு. "அவன் ஒருத்தன் அப்பிடி" என்று இறங்கிவிட்டால் முதல் வசனம் துவேசம். 'அவன்' எங்கே 'அவங்கள்' ஆகிறது என்று கவனித்தாலே பாதி பிடிபடும். முழுக்கப் பிடிபடாது: மலையகத் தமிழரை இழிக்கும் 'தோட்டக்காட்டான்' ஒருமைதான், ஆனால் சொல்லுக்குள்ளேயே ஒரு கூட்டம் நிற்கிறது.

சிக்கல் வருவது இங்கேதான். யாழ்ப்பாணத்தவரைப் பிற மாவட்டத் தமிழர் 'பனங்கொட்டை சூப்பி' என்பதும் தமிழரைத் தமிழர் சொல்வது, 'தோட்டக்காட்டான்' என்பதும் அப்படித்தான். ஆனால் முன்னது பிரதேச நக்கல். நோகும், இனவாதம் என்று எழுதினால் மிகை. பின்னது 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தோடு நாடற்றவர்களாக்கப்பட்ட மக்களை அவர்களின் வம்சாவளியை வைத்துத் தாழ்த்துகிறது. இனப் பாகுபாட்டுக்கு எதிரான 1965 ஆம் ஆண்டு ஐ.நா. சமவாயம் இனம், நிறம் ஆகியவற்றோடு வம்சாவளியையும் தேசிய, இனத்துவப் பூர்வீகத்தையும் சேர்த்தே எண்ணுகிறது. சாதியும் வம்சாவளிக்குள் அடங்கும் என்று 2002 இல் அதன் குழு சொன்னது. "எங்கட ஆக்களுக்குள்ள என்ன இனவாதம்" என்ற சாட்டு ஆகவே எடுபடாது.

"பகிடிக்குச் சொன்னது" என்பதும் எடுபடாது. நோக்கம் தண்டனையைக் குறைக்கலாம், வகையை மாற்றாது. மறுபக்கம், மனம் நொந்ததாலேயே ஒன்று இனவாதம் ஆகிவிடாது. "மன்னிக்கோணும், முஸ்லிம் ஆக்களுக்கு வீடு குடுக்கிறேல்லை" என்பதில் ஒரு கெட்ட சொல்லும் இல்லை. இந்தப் பட்டியலில் அதுதான் மோசமானது.

சிங்களத்தில் இருந்து மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு பொறி. 'ஜாதிவாதய' என்றால் இனவாதம். 'சாதிவாதம்' என்று எழுதினால் கதையே மாறிவிடும். நம் சாதிக்கு அங்கே 'குலய'. 'தெமள' என்ற சொல் காதில் விழுந்ததும் பாயவும் வேண்டாம். அது 'தமிழ்' என்பதுதான். முன்னால் 'பற' ஒட்டினால்தான் வசை.

சட்டம் இன்னும் குறுகலானது. இலங்கையின் 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க, குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் மீதான சர்வதேச சமவாயச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு வெறுப்புப் பேச்சை மட்டும் பார்ப்பதில்லை. அந்தப் பேச்சு பாகுபாட்டுக்கோ பகைமைக்கோ வன்முறைக்கோ தூண்டவும் வேண்டும். பத்து வருடம் வரை சிறை. துவேசமான பேச்செல்லாம் அதற்குள் வராது.

முறைப்பாட்டில் 'இனவாதமாகப் பேசினார்' என்று தொடங்காதீர்கள். சொன்ன வசனத்தைச் சொன்னபடியே, தூசணம் இருந்தால் அதையும் சேர்த்து, மேற்கோளுக்குள் எழுதுங்கள். திகதி, இடம், யாரைப் பார்த்து, யார் கேட்டது என்பன அதன் கீழே. பெயர் சூட்டுவதைக் கடைசி வரிக்கு விடுங்கள்.