ஆங்கிலத்தில் ‘ரன்’ (run) என்று வந்தால் எப்படிப் பொருள் கண்டுபிடிப்பது?

ட்யூஷன் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: ‘ரன்’ என்றதும் ‘ஓடு’ என்று எழுதிவிடாதீர்கள். எது ஓடுகிறது என்று பாருங்கள். பஸ், மோட்டார், சினிமா என்றால் கவலையில்லை, நம் ‘ஓடு’ போதும். மூக்கு என்றால் ஒழுகும். துணியின் நிறம் என்றால் சாயம் போகிறது.

அப்புறம், பின்னால் என்ன நிற்கிறது? ‘ஷி ரன்ஸ் எ ஹோட்டல்’ என்றால் ஹோட்டல் நடத்துகிறார்.

அதிகம் சறுக்குவது ஒட்டிக்கொண்டு வரும் குட்டிச் சொல்லில்தான். ‘வீ ஹாவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’ என்றால் பால் தீர்ந்துவிட்டது. கிரிக்கெட் பைத்தியங்கள் இங்கேயும் ஸ்டம்ப்பைத் தேடுவார்கள். ‘ரன் இன்டு’வுக்குப் பின் நண்பர் வந்தால் தற்செயலாகச் சந்திப்பு, மரம் வந்தால் மோதல். ‘ரன் ஓவர்’ லாரிக்கு ஒன்று, மீட்டிங்குக்கு வேறு: அது ஆள்மேல் ஏறும், இது நேரம் தாண்டும். ‘ரன் ஃபார் மேயர்’ தேர்தல் விஷயம். அமெரிக்கர்கள் ஓடுவார்கள், பிரிட்டிஷார் நம்மைப் போல நிற்பார்கள்.

அகராதியிலும் ‘ரன்’னை மட்டும் தேடினால் பக்கம் பக்கமாக வரும். குட்டிச் சொல்லையும் சேர்த்தே தேடுங்கள்.